கேள்வி – பதில்: கம்பைலர் எழுதுவதும் மொழியை வளர்ப்பதும்

திறமூல நிரல்மொழிகள் எப்படி உருவாகின்றன, அவற்றின் கம்பைலர்களை (நாம் எழுதும் நிரலை இயந்திர மொழியாக மாற்றும் மென்பொருள்களை) யார் எழுதுகிறார்கள், யார் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். ரஸ்ட் மொழியின் வளர்ச்சி தொடர்பான விவாதங்களும் முடிவுகளும் பெரும்பாலும் பொதுவெளியிலேயே கிடைப்பதால், எடுத்துக்காட்டுகளில் பலவற்றை அங்கிருந்தே எடுத்திருக்கிறேன்.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக ஒரு புதிய நிரல்மொழியை உருவாக்க நினைக்கிறோம். லெக்ஸ், யாக் ஆகிய கருவிகளைப் பாடத்தில் படித்திருக்கிறோம். இவற்றைக் கொண்டே முழுக் கம்பைலரையும் எழுதிவிட முடியுமா?
– பொறியியல் மாணவியர், கோயம்புத்தூர்

முடியாது. எழுத்துகளைச் சொற்களாகப் பிரிப்பதற்கு லெக்ஸும், சொற்களை இலக்கணப்படி ஒரு மரமாக அடுக்குவதற்கு யாக்கும் உதவும். அதோடு அவற்றின் வேலை முடிந்துவிடும். கம்பைலரின் வேலையோ அங்கேதான் தொடங்குகிறது. எந்தப் பெயர் எந்த மாறியைக் குறிக்கிறது, இந்த இடத்தில் வரும் மதிப்பு எந்த வகையைச் சேர்ந்தது (எண்ணா, எழுத்துத் தொடரா), இந்தச் செயற்கூற்றை இப்படி அழைக்கலாமா என்பவற்றைத் தீர்மானிக்கும் பகுதிதான் மொழியின் உண்மையான குணத்தைத் தாங்கி நிற்கிறது. நம் பாடத்திட்டங்களில் இலக்கணப் பகுப்புக்கு அரைப் பருவத்தைக் கொடுத்துவிட்டு, வகைச் சரிபார்ப்பை ஒரே அத்தியாயத்தில் கடந்துவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று.

இலக்கணப் பகுப்பிலும்கூட, பெரிய கம்பைலர்கள் இந்தக் கருவிகளைக் கைவிட்டு வெகுநாளாகிறது. சி, சி++ போன்ற மொழிகளுக்கான கம்பைலரான ஜிசிசி தன் சி++ பகுப்பானை 2004இல் வெளிவந்த 3.4 பதிப்பிலும், சி மொழிக்குரிய பகுப்பானை 2006இல் வெளிவந்த 4.1 பதிப்பிலும் கையால் எழுதியவற்றுக்கு மாற்றிக்கொண்டது. கோ மொழியின் கம்பைலரும் 2016இல் வெளிவந்த 1.6 பதிப்பில் அதையே செய்தது. கிளாங் என்ற இன்னொரு சி, சி++ கம்பைலர், ரஸ்ட் கம்பைலர் ஆகியவற்றின் பகுப்பான்களும் கையால் எழுதப்பட்டவையே. நிரலாளர் ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டால், எந்த இடத்தில் எது விடுபட்டது என்று தெளிவாகச் சொல்லவும், அந்தப் பிழையைத் தாண்டி மீதி நிரலைத் தொடர்ந்து படிக்கவும் கையால் எழுதிய பகுப்பானில் எளிதாக வழி செய்யலாம். கருவி உருவாக்கித் தரும் அட்டவணைகளுக்குள் நுழைந்து அதைச் செய்வது மிகவும் சிரமம்.

மறுமுனையில், இயந்திர மொழியாக மாற்றும் பணியை நீங்கள் கடன் வாங்கிக்கொள்ளலாம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர், தம் பேராசிரியர் விக்ரம் அட்வேயுடன் 2000இல் தொடங்கிய எல்எல்விஎம், 2003இல் முதன்முதலாக வெளியானது. உங்கள் கம்பைலர் அதற்குரிய இடைநிலை வடிவில் நிரலை எழுதிக் கொடுத்துவிட்டால், வேகப்படுத்துவதையும் இன்டெல், ஆர்ம் போன்ற வெவ்வேறு செயலிகளுக்கு ஏற்ப மாற்றுவதையும் அது பார்த்துக்கொள்ளும். ரஸ்ட், ஸ்விஃப்ட், ஜூலியா ஆகிய மூன்றும் இதன் மேல் நிற்பவைதான். ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டிய பணிக்கு அதுவும் பெரிதாகத் தோன்றினால், உங்கள் மொழியைச் சி நிரலாக மாற்றித் தரும் கம்பைலரை எழுதுங்கள். சி++ மொழியின் தொடக்ககாலக் கம்பைலரான சிஃப்ரன்ட் அப்படித்தான் இயங்கியது. நிம் மொழி இன்றும் அந்த வழியைப் பின்பற்றுகிறது. எனவே அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

நடுப்பகுதியை மட்டும் கடன் வாங்க முடியாது. ரஸ்டிலிருந்து ஒரு சான்று தருகிறேன். ஒரு மதிப்பை யார் சொந்தமாக வைத்திருக்கிறார், யார் சிறிது நேரம் கடனாகப் பெற்றிருக்கிறார் என்பதைக் கணக்கு வைத்துத் தவறான பயன்பாட்டைத் தடுப்பதே அம்மொழியின் முதன்மையான சிறப்பு. தொடக்கத்தில் இந்தக் கணக்கு நிரலின் மர வடிவத்தின் மேல் போடப்பட்டது. அதனால் பெயரிட்டு வைத்த கடன் ஒவ்வொன்றும், பயன் முடிந்த பிறகும், அந்தத் தொகுதியின் அடைப்புக்குறி மூடும் வரை நீடிப்பதாகவே கொள்ளப்பட்டு, பிழையற்ற நிரல்கள் பலவும் நிராகரிக்கப்பட்டன. பிறகு, நிரலின் ஓட்டத்தைப் படிநிலை வரைபடமாகக் காட்டும் மிர் என்ற இடைநிலை வடிவத்தைக் கம்பைலருக்குள் புகுத்தினார்கள். கணக்கை அதற்கு இடம் மாற்றியதும், கடைசியாகப் பயன்படுத்திய இடத்திலேயே கடன் முடிந்துவிடும் என்ற நியாயமான விதியை 2018 டிசம்பரில் வெளியான 1.31 பதிப்பில் கொண்டுவர முடிந்தது. கம்பைலரின் உள்ளமைப்பில் செய்த மாற்றம் மொழியின் விதியையே தளர்த்தியது என்பதால், மொழியைக் காகிதத்தில் முழுமையாக வடிவமைத்துவிட்டுப் பிறகு கம்பைலரை எழுதலாம் என்று எண்ண வேண்டாம்.

ரஸ்ட் கம்பைலர் ரஸ்ட் மொழியிலேயே எழுதப்பட்டிருப்பதாகப் படித்தேன். அப்படியானால் முதல் ரஸ்ட் கம்பைலரை எது கம்பைல் செய்தது?
– வாசகர், யாழ்ப்பாணம்

உறைமோர் இல்லாத வீட்டில் முதல் முறை தயிர் தோய்க்கும்போது, காய்ச்சி ஆறிய பாலில் மிளகாய்க் காம்பைப் போட்டு வைப்பார்கள். அடுத்த நாள் முதல் முந்தைய நாள் தயிரே உறைக்குப் போதும். ரஸ்டுக்கு அந்தக் காம்பாக அமைந்தது ஓகேமல் மொழி. கிரேடன் ஹோர் 2006இல் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கிய ரஸ்டின் முதல் கம்பைலர் ஓகேமலில் எழுதப்பட்டது. அவர் பணியாற்றிய மொசில்லா நிறுவனம் 2009இல் ஆதரவளிக்கத் தொடங்கிய பின், எல்எல்விஎம்மைப் பயன்படுத்தும் இன்னொரு கம்பைலர் ரஸ்டிலேயே எழுதப்பட்டு, 2011இல் தன்னைத்தானே கம்பைல் செய்துகொண்டது. அதன் பிறகு ஓகேமல் கம்பைலருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இன்றும் இந்தச் சுழற்சி தொடர்கிறது. ஒரு புதிய பதிப்பை உருவாக்க, முந்தைய பதிப்பின் கம்பைலரைத் தரவிறக்கி அதைப் பூச்சிய நிலை என்கிறார்கள். அது புதிய மூலநிரலைக் கம்பைல் செய்து தருவது முதல் நிலை. அந்த முதல் நிலைக் கம்பைலர் அதே மூலநிரலை மீண்டும் கம்பைல் செய்து தருவதே வெளியிடப்படும் இரண்டாம் நிலை. முதல் நிலையில் புதிய கம்பைலரின் அறிவு இருந்தாலும், அதன் உடல் பழைய கம்பைலரால் உருவானது என்பதால்தான் இரண்டாவது சுற்று தேவைப்படுகிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வொரு பதிப்புக்கும் அதற்கு முந்தைய பதிப்பு வேண்டும் என்றால், யாரோ கம்பைல் செய்து வைத்த இருமக் கோப்பை (இயந்திர மொழிக் கோப்பை) தொடாமல், மூலநிரலிலிருந்து மட்டுமே எல்லாவற்றையும் உருவாக்க விரும்பும் லினக்ஸ் வழங்கல்களுக்கு (லினக்ஸ் இயங்குதளத்தைத் தொகுத்து வழங்கும் குழுக்களுக்கு) நீண்ட சங்கிலி ஒன்று காத்திருக்கும். அந்தச் சங்கிலியைக் குறுக்க எம்ரஸ்ட்சி என்ற தனிக் கம்பைலர் சி++ மொழியில் எழுதப்பட்டது. மேலே சொன்ன கடன் கணக்கை அது பார்ப்பதே இல்லை. தவறான நிரலைத் தடுப்பது மட்டுமே அந்தக் கணக்கின் வேலை, சரியான நிரலின் இயந்திர மொழி வடிவத்தை அது தீர்மானிப்பதில்லை. ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட கம்பைலர் மூலநிரலை மட்டும் கம்பைல் செய்யப்போகும் ஒரு கருவி அதைத் தவிர்த்துவிடலாம் என்பது அழகான பொறியியல் முடிவு.

கோ மொழியில் நடந்தது வேறு. 1.4 பதிப்பு வரை அதன் கம்பைலர் சி மொழியில் இருந்தது. அந்தச் சி நிரலை, அதற்கென்றே எழுதிய ஒரு கருவியைக் கொண்டு கோ நிரலாக மாற்றி, 2015 ஆகஸ்டில் வெளியான 1.5 பதிப்பில் புகுத்தினார்கள்.

எல்லா மொழிகளும் இப்படித் தன்னைத்தானே சுமக்க வேண்டுமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். கட்டாயமில்லை. பைத்தானின் முதன்மைச் செயலாக்கம் இன்றளவும் சி மொழியில்தான் இருக்கிறது. அதனால் அம்மொழிக்குக் குறை ஒன்றும் வந்துவிடவில்லை. இளம் மொழிக்குத் தன் கம்பைலரே மிகப்பெரிய சோதனை நிரலாக அமைவது நன்மை. ஆனால் கம்பைலர் எழுதுவதற்கு வசதியான வசதிகளே முதலில் சேர்ந்துகொண்டு, வலைச் சேவையோ கணக்கீடோ எழுத வருபவர்கள் காத்திருக்க நேரும் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது.

திறமூலக் கம்பைலர் என்றால் மூலநிரலைப் படித்துப் பார்த்து, அதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளலாம் அல்லவா?
– வங்கித் துறைப் பணியாளர், சென்னை

மூலநிரல் மட்டும் போதாது. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்ற உரையில், 1984இல் வெளியான அதன் அச்சு வடிவில், இதை விளக்கினார். கம்பைலரின் இருமக் கோப்பில் ஒரு கள்ளக் கதவை வைத்து, அந்தக் கம்பைலர் தன் சொந்த மூலநிரலைக் கம்பைல் செய்யும்போதெல்லாம் அதே கதவைப் புதிய கோப்பிலும் செருகும்படி செய்துவிட்டால், மூலநிரலில் ஒரு தடயமும் இராது. இதற்கு மாற்றாக டேவிட் வீலர் முன்வைத்த முறையில், ஒரே கம்பைலர் மூலநிரலை, தொடர்பில்லாத இரண்டு கம்பைலர்களால் தனித்தனியே கம்பைல் செய்து, கிடைத்த இரண்டையும் கொண்டு அதே மூலநிரலை மறுபடி கம்பைல் செய்து, இறுதிக் கோப்புகள் பிட்டுக்குப் பிட்டு ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரு மொழிக்கு இரண்டாவது கம்பைலர் வேண்டும் என்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எனக்கு இதுவே முதன்மையானதாகப் படுகிறது.

யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்கிறீர்கள். ரஸ்டில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பும் வருகிறது. இரண்டாண்டுக்கு முன் எழுதிய என் நிரல் உடையாமல் இருப்பதற்கு யார் பொறுப்பு?
– மென்பொருள் பொறியாளர், பெங்களூரு

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் இதையே முக்கியமானதாகக் கருதுகிறேன். கம்பைலரின் உள்நிரலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். ஆனால் நிலையான பதிப்பில் ஒருமுறை இடம்பெற்றுவிட்ட விதியைத் திரும்பப் பெறுவது ஏறக்குறைய இயலாத காரியம். ஆகவே ஒரு மொழிக்குழுவின் உழைப்பில் பெரும்பகுதி, புதியதைச் சேர்ப்பதைவிடப் பழையதைக் காப்பதிலேயே செலவாகிறது. 2015 மே 15ஆம் நாள் ரஸ்ட் 1.0 வெளிவருவதற்கு முன் குழுவினர், பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் குப்பை சேகரிப்பான், ஒரே நேரத்தில் ஓடும் பணிகளை இயங்குதளத்திடம் விடாமல் மொழியே நிர்வகிக்கும் பச்சை இழைகள் போன்ற பெரிய வசதிகளைத் துணிந்து நீக்கினார்கள். அந்தச் சுதந்திரம் அன்றோடு முடிந்தது.

முதல் காவல், திருத்தங்களை இணைக்கும் முறையில் இருக்கிறது. மனிதர் ஒப்புதல் அளித்த திருத்தம் நேரடியாக முதன்மை நிரலில் சேர்வதில்லை. போர்ஸ் என்ற தானியங்கி அதை அன்றைய முதன்மை நிரலோடு இணைத்துப் பார்த்து, எல்லாச் சோதனைகளும் வெற்றி பெற்றால் மட்டுமே சேர்க்கிறது. தனித்தனியே சரியாக இருக்கும் இரண்டு திருத்தங்கள் சேர்ந்ததும் உடைவது பெரிய திட்டங்களில் அன்றாட நிகழ்வு என்பதால் இந்த ஒழுங்கு இன்றியமையாதது. அடுத்து, சோதனை நிலையில் உள்ள வசதிகளை, அன்றாடம் வெளியாகும் இரவுப் பதிப்பில் மட்டும்தான் பயன்படுத்த முடியும். நிலையான பதிப்பில் அவை பூட்டப்பட்டிருக்கும்.

ஐயத்துக்குரிய மாற்றம் ஏதேனும் வந்தால், கிரேட்டர் என்ற கருவியைக் கொண்டு, பொதுக் களஞ்சியத்தில் உள்ள நூலகங்களை, அதாவது பிறர் பயன்படுத்துவதற்கென எழுதி வைத்த நிரல் தொகுப்புகளை, பழைய கம்பைலராலும் புதிய கம்பைலராலும் கம்பைல் செய்து, எவை புதிதாக உடைகின்றன என்று பார்க்கிறார்கள். களஞ்சியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் இருப்பதால், இதற்கே நாட்கணக்கில் கணினி நேரம் செலவாகும். உலகில் யாரோ எழுதி வைத்த நிரல்தான் இங்கே சோதனைத் தாள்.

விதியையே மாற்றியாக வேண்டிய கட்டாயம் வந்தால், ஒவ்வொரு நூலகமும் தான் எந்த ஆண்டின் விதிகளைப் பின்பற்றுகிறது என்று குறித்துக்கொள்ளும் எடிஷன் என்ற ஏற்பாடு உண்டு. 2015, 2018, 2021, 2024 என்று இதுவரை நான்கு எடிஷன்கள் வந்துள்ளன. 2018 எடிஷனில் 'அசிங்க்' என்பது மொழியின் ஒதுக்கப்பட்ட சொல் ஆனது. 2015 எடிஷன் என்று குறித்துவைத்த நூலகத்தில் அதே பெயரில் ஒரு மாறி இருந்தால், இன்றைய கம்பைலரும் அதை மாறியாகவே ஏற்கும். இரு எடிஷன்களில் எழுதிய நூலகங்களையும் ஒரே நிரலில் இணைக்கலாம். பைத்தான் 2இலிருந்து 3க்கு மாறியபோது இப்படிப்பட்ட கலப்புக்கு வழியில்லாமல் போனதால்தான், 2008 டிசம்பரில் தொடங்கிய அந்த மாற்றம் 2020 ஜனவரி வரை இழுத்துக்கொண்டே போயிற்று.

இவ்வளவு இருந்தும் விபத்து நடக்காமல் இல்லை. 2024 ஜூலையில் வந்த ரஸ்ட் 1.80 பதிப்பில், மொழியோடு வரும் அடிப்படை நூலகத்தில் ஒரு வகைக்குப் புதிய வசதி ஒன்றைச் சேர்த்தார்கள். அதுவரை ஒரே ஒரு பொருத்தமான வகை இருந்ததால் கம்பைலர் தானாக ஊகித்துக்கொண்ட இடங்களில், இப்போது இரண்டு வகைகள் பொருந்தின. ஊகிக்க முடியாமல் கம்பைலர் நின்றுவிட்டது. பரவலாகப் பயன்பட்ட 'டைம்' என்ற நூலகத்தின் பழைய பதிப்புகள் இதனால் கம்பைல் ஆகவில்லை. விதிகளின்படி இது அனுமதிக்கப்பட்ட வகை மாற்றமே; ஆயினும் தன் நிரல் உடைந்தவருக்கு அந்த விளக்கம் ஆறுதல் தராது. நீங்கள் சார்ந்திருக்கும் நூலகங்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் புதுப்பித்துக்கொண்டால், இத்தகைய அதிர்ச்சிகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.

ஒரு மொழியில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று இறுதியாக முடிவு செய்பவர் யார்?
– கல்லூரி ஆசிரியர், திருச்சிராப்பள்ளி

தொடக்கத்தில் உருவாக்கியவர், பிறகு குழு. பைத்தானில் கைடோ வான் ராசம் நீண்ட காலம் இறுதிச் சொல்லை வைத்திருந்தார். ஒரு கணக்கீட்டுத் தொடரின் நடுவிலேயே மாறிக்கு மதிப்பளிக்கும் ஒரு குறியீட்டைச் சேர்க்கும் 572ஆம் முன்மொழிவின் மீது எழுந்த கசப்பான விவாதத்துக்குப் பின், 2018 ஜூலையில் அவர் அந்தப் பொறுப்பைத் துறந்தார். இன்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவர் குழு அந்த இடத்தில் இருக்கிறது. ரஸ்டில் கிரேடன் ஹோர் 1.0 வெளிவருமுன்பே, 2013இல் விலகிவிட்டார். 2014 முதல், பெரிய மாற்றம் ஒவ்வொன்றும் எழுத்து வடிவில் முன்மொழியப்பட்டு, விவாதிக்கப்பட்டு, உரிய குழு இசைந்த பின்னும் இறுதிக் கருத்துக்கென்று பத்து நாள் விடப்படுகிறது. மெதுவான முறைதான். இந்த முறை நுட்பக் கேள்விகளுக்கு ஈடுகொடுத்த அளவுக்கு மனித உறவுகளுக்கு ஈடுகொடுக்கவில்லை. 2021 நவம்பரில் உறுப்பினர்களின் நடத்தையைக் கவனிக்கும் நெறியாளர் குழு முழுவதும் பதவி விலகியது. அதைத் தொடர்ந்த நீண்ட மறுசீரமைப்பின் விளைவாக 2023இல் தலைமைக் குழு ஒன்று அமைந்தது.

இலவசமாகக் கிடைக்கும் ஒரு கம்பைலருக்குச் செலவு செய்பவர் யார்?
– ஓய்வுபெற்ற கணக்காளர், மதுரை

பெரும்பாலும் அதைப் பயன்படுத்தும் நிறுவனங்கள், தம் ஊழியரின் வேலை நேரமாகச் செலுத்துகின்றன. ஒரே நிறுவனத்தை நம்பினால் என்ன ஆகும் என்பது 2020 ஆகஸ்டில் தெரிந்தது. மொசில்லா சுமார் 250 பேரைப் பணியிலிருந்து நீக்கியபோது, ரஸ்டுக்காக உழைத்த சிலரும் அதில் இருந்தார்கள். 2021 பிப்ரவரியில் அமேசான் வெப் சர்வீசஸ், கூகுள், ஹுவாவே, மைக்ரோசாஃப்ட், மொசில்லா ஆகிய ஐந்தும் சேர்ந்து ரஸ்ட் அறக்கட்டளையை நிறுவின. சேவையகச் செலவு, வணிகச் சின்னம், பராமரிப்பாளர்களுக்கான உதவித்தொகை போன்றவற்றை அது கவனிக்கிறது. மொழியின் விதிகளில் அதற்கு அதிகாரம் இல்லை.

ஜிசிசி கம்பைலர் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. அதைக் கொண்டு உருவாக்கிய என் மென்பொருளையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டுமா?
– சிறுதொழில் முனைவோர், ஓசூர்

வேண்டியதில்லை. மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில் மூலநிரலைத் தர வேண்டும் என்று கோரும் ஜிபிஎல் உரிமம் கம்பைலருக்கு உரியது, அதன் வழியே வெளிவரும் உங்கள் நிரலுக்கு உரியதன்று. கம்பைலர் தன் துணை நூலகத்திலிருந்து சில துண்டுகளை உங்கள் நிரலோடு சேர்த்துவிடும் என்பதுதான் சிக்கல். அதற்கென்றே, வழக்கமான முறையில் கம்பைல் செய்பவர்களுக்கு விலக்களிக்கும் தனி அனுமதி ஒன்று ஜிசிசி நூலகங்களோடு வருகிறது. ரஸ்ட் கம்பைலர் எம்ஐடி, அபாச்சி 2.0 ஆகிய கட்டுப்பாடு குறைந்த இரண்டு உரிமங்களில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கும்படி வெளியிடப்படுவதால், அங்கே இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை.

ரஸ்ட் நிரலைக் கம்பைல் செய்ய ஏன் இவ்வளவு நேரமாகிறது?
– வாசகர், சிங்கப்பூர்

பலரும் கடன் கணக்கின் மீது பழி போடுகிறார்கள். பெரும்பாலும் அது குற்றவாளியன்று. பொதுவகைச் செயற்கூறு (எந்த வகை மதிப்புக்கும் பயன்படும்படி எழுதியது) ஒன்றை முழு எண், சரம், பட்டியல் என்று மூன்று வகைகளோடு பயன்படுத்தினால், கம்பைலர் மூன்று தனிப் பிரதிகளை உருவாக்குகிறது. நிரல் வேகமாக ஓடுவதற்கு இதுவே காரணம். எல்எல்விஎம் மலையளவு நிரலை மெல்ல வேண்டியிருப்பதற்கும் இதுவே காரணம். எழுதும்போது பிழை உண்டா என்று மட்டும் பார்க்க 'கார்கோ செக்' கட்டளையைப் பயன்படுத்தினால், இயந்திர மொழியாக்கம் பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

தமிழில் நிரல்மொழி இருக்கிறதா?
– பள்ளி மாணவன், தஞ்சாவூர்

இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற திறமூல மொழி, பைத்தானில் எழுதிய இன்டர்பிரட்டர் (நிரலை இயந்திர மொழியாக மாற்றாமல் நேரடியாக இயக்கும் மென்பொருள்) வழியே இயங்குகிறது. 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் அச்சிடும். நிபந்தனையை முதலில் எழுதி அதன் பிறகு 'ஆனால்' என்று முடிக்கும்படி அதன் இலக்கணம் அமைந்திருப்பதால், நம் வாக்கிய ஒழுங்குக்கு ஒத்துப்போகிறது. கம்பைலரின் முன்பகுதி எப்படி இயங்குகிறது என்று முதன்முதலில் படித்துப் பார்ப்பதற்கும் அதன் மூலநிரல் ஏற்ற அளவில் இருக்கிறது.

இத்தகைய கம்பைலர் ஒன்றுக்குப் பங்களிக்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?
– பணி தேடும் பட்டதாரி, திருநெல்வேலி

புதிய வசதி எதையும் முன்மொழிந்து தொடங்காதீர்கள். பிறர் அறிவித்த பிழைகளில், கம்பைலரே நொறுங்கி விழும் பிழை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைத் தூண்டும் நிரலைப் பத்துப் பதினைந்து வரியாகச் சுருக்கிக் கொடுங்கள். கம்பைலரின் உள்ளமைப்பு எதுவும் தெரியாமலே செய்யக்கூடிய, பராமரிப்பாளர்கள் மிகவும் விரும்பும் பணி இது. அடுத்ததாகப் பிழைச் செய்திகளுக்கு வாருங்கள். ரஸ்டில் எதிர்பார்க்கப்படும் பிழைச் செய்தி ஒவ்வொன்றும் சோதனைக் கோப்பாகவே சேமிக்கப்பட்டிருப்பதால், ஒரு செய்தியைத் தெளிவாக்கினால் அதன் விளைவை எல்லாச் சோதனைகளிலும் உடனே பார்க்கலாம்.

கணினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரஸ்ட் கம்பைலரை உங்கள் கணினியில் உருவாக்க 30 ஜிபி அளவுக்கு வட்டில் இடமும், குறைந்தது 8 ஜிபி நினைவகமும் ஒதுக்கிக்கொள்வது நல்லது. எல்எல்விஎம்மை நீங்களே கம்பைல் செய்யாமல், திட்டக்குழு உருவாக்கி வைத்திருப்பதைத் தரவிறக்கும்படி அமைத்துக்கொண்டால் பல மணி நேரம் மிச்சமாகும். திருத்தத்தை அனுப்பியதும் அதைப் படித்துப் பார்க்க ஒருவரைத் தானியங்கி நியமிக்கும். அவர்களில் பலர் தம் ஓய்வு நேரத்தில் படிப்பவர்கள் என்பதால், இரண்டு மூன்று வாரம் காத்திருந்துவிட்டு ஒரு வரியில் நினைவூட்டலாம். அதைத் தொல்லையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.